சித்தி ஓடப் போயிருக்கா

நம்ம செட்டில் பாதிப் பேர் இந்த மாதம் ஓட ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று குரூப்பில் பார்த்தேன். புது ஷூ படம், நனைந்த பனியன் படம், ஊரைச் சுற்றி வளைந்து போகிற ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். நானும் ஆரம்பித்திருக்கிறேன். இருபத்தெட்டெல்லாம் ஒரு வயசா என்று கேட்காதீர்கள். முதல் நாள் ஓடிவிட்டு மாடிப்படி இறங்கினால் முட்டியே சொல்லும், அறுபது என்று.

என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. அதில் ஒரு பெண் குரல், "இப்போது ஓடவும்" என்கிறது. நெஞ்சு வாய் வழியாக வெளியே வந்துவிடும் போலிருக்கிற நேரத்தில், "இப்போது நடக்கவும்" என்கிறது. ஆரம்பிக்கிறவர்கள் இப்படித்தான் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று கலந்து பழக வேண்டுமாம். நம்ம ஆரணி கோட்டை மைதானத்தில் முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது சுற்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வாக்கிங் வந்த மாமா ஒருவர் "சுளுக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சுளுக்கு இல்லை. இந்த வித்தையை நான் பத்து வயதிலேயே பார்த்துவிட்டேன். அதற்கு ஆப் தேவைப்படவில்லை, கரண்டு கம்பம் போதுமாக இருந்தது. உங்களுக்கும் அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் உங்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே என்னிடம் கேட்டாள், "உங்க சித்தி ஓடிப்போயிட்டாங்களாமே?" என்று. இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. சித்தப்பா மஞ்சள் காமாலையில் போனபிறகு, ஒரு பெட்டியும் ஒரு பையுமாக, நம்ம ஊர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் மகள் பாப்பா அங்கேயே இருந்தாள். பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது. ஊரில் சிலர் பேசிய மாதிரி விட்டுவிட்டு வரவில்லை. மாமனார் ஒரு பேச்சு சொல்லியிருந்தார். "உனக்குன்னு ஒரு வேலை, ஒரு வீடுன்னு ஆவட்டும்மா. அன்னிக்கே வந்து கூட்டிகினு போ. அது வரைக்கும் எங்க புள்ளையோட புள்ள எங்ககூட இருக்கட்டும்." எங்கள் வீட்டில் ஒரு ரூமில் தறி, இன்னொரு ரூமில் நாங்கள். சித்தி ஒத்துக்கொண்டாள்.

பாப்பாவைப் பார்த்துக்கொண்டது சித்தியின் நாத்தனார், சித்தப்பாவின் அக்கா. அவளுக்குக் குழந்தை இல்லை. புருஷனோடு அப்பா வீட்டிலேயே இருந்தாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலை பஸ்ஸில் பாப்பாவை ஆரணிக்குக் கூட்டிவருவாள், சாயங்கால பஸ்ஸில் கூட்டிப்போவாள். மற்ற நாட்களில் சித்தி சாப்பிடுவாள், தூங்குவாள், அப்பாவுக்குத் தறியில் ஒத்தாசை செய்வாள். உயிரோடு இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். எங்கள் தெருவில் யாரும் எதிர்பார்க்காத விஷயம் அது. மிச்சமிருந்தது மைதானம். பெண்களுக்கு நானூறு மீட்டர், இரண்டரை நிமிடத்துக்குள். அதுவரை சித்தி ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். அதிலும் பாதி பஸ் போயே போய்விடும்.

முதல் நாள் விடியற்காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள்.

"எழுந்திரிடி, சித்திகூட துணைக்குப் போ. பொம்பளப் புள்ள தனியா ஓடினா நாலு பேரு பேசுவாங்க."

"அப்ப நான் யாரு?"

"நீ சின்னப் புள்ள. ஜல்தி எழுந்திரி."

இப்படித்தான் நானும் ஓட்டக்காரி ஆனேன், கண்ணில் பீளையோடு.

சித்திக்கு ஷூ இல்லை. சித்தப்பாவின் வெள்ளை கேன்வாஸ் ஷூ அந்தப் பெட்டியில் இருந்தது. கால் நுழைத்தால் முன்னால் பெரிய இடைவெளி. அப்பா தறிக்கடியில் கையை விட்டு, அறுந்து விழுந்திருந்த பட்டு நூலையெல்லாம் வாரி எடுத்து, உருண்டை பிடித்து ஷூவின் மூக்கில் திணித்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, எல்லாம் கலந்து. "பட்டுமேல காலு வெச்சி ஓடற மொத ஆளு நீதான்" என்றார். ஓடி வந்து கழற்றினால் உருண்டை வியர்வையில் ஊறிக் கிடக்கும். நாளடைவில் சாயம் இறங்கி சித்தியின் கால் நகமெல்லாம் அரக்கு நிறமாகிவிட்டது. பாப்பா ஒரு ஞாயிறு அதைப் பார்த்து மருதாணி என்று நினைத்துவிட்டாள். பாயில் உட்கார்ந்து தன் காலைச் சித்தியின் மடியில் தூக்கிப் போட்டு, "எனக்கும் வை" என்றாள். சித்தி வேறு வழியில்லாமல் ஷூவுக்குள்ளிருந்து ஒரு நூலை இழுத்து, தண்ணீரில் நனைத்து, அந்தக் குட்டி விரலிலெல்லாம் சுற்றிவிட்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்வரை பாப்பா கால் விரலை அசைக்கவே இல்லை. கலைந்துவிடுமாம். அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த ஷூவைப் போன மாதம் பரணில் தேடிப் பார்த்தேன். இல்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

விடியும்போது எங்கள் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். சேலையின் நீள இழைகளைத் தெருவோடு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்துகொண்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் ஓடக் கூடாது. கை பட்டால் தொலைந்தது. சுவரை ஒட்டி, பூனை மாதிரி நடந்து தெருவைத் தாண்டினால்தான் ஓட்டமே. இழை முடிகிற அண்ணன் ஒருவர் முதல் நாளே கேட்டார்.

"இன்னாம்மா, ஷூவெல்லாம் போட்டுகினு? யாரு தொரத்துறா?"

"நீங்கதான் தொரத்திப் பாருங்களேண்ணே. புடிச்சிட்டா சொல்றேன்."

தெரு சிரித்தது. சித்தி வாய் திறந்தால் அப்படித்தான். அந்த அண்ணனுக்கு அதன் பிறகு தினமும் அதே ஜோக். சித்தி தினமும் வேறு பதில்.

ஆனால் மைதானத்தில் வாய் உதவவில்லை. முதல் நாள் சினிமாவில் வருகிற மாதிரி விர்ரென்று கிளம்பினாள். பாதி வட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, குடித்த காபியைக் கக்கினாள். நான் பின்னாலேயே போய் நின்று, "சித்தி, இன்னும் பாதி இருக்கு" என்றேன்.

"தெரியுதுடி. வாய மூடிகினு தண்ணி குடு."

ஒரு வாரம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் மைதானத்தை விட்டு, கமண்டல நாகநதியை ஒட்டிப் போகிற ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்தப் பக்கம் ரைஸ் மில்கள். விடியற்காலையில் நெல் வேகிற ஆவி ரோட்டில் படுத்திருக்கும். அதற்குள் நுழைந்தால் யாரோ நம்மைச் சோற்றுப் பானைக்குள் இறக்கின மாதிரி இருக்கும். பசிக்கும். ரோட்டோரம் வரிசையாகக் கம்பங்கள்.

"பாரு. இந்தக் கம்பத்துலேர்ந்து அந்தக் கம்பம் வரைக்கும் ஓட்டம். அதுக்கப்புறம் அடுத்த கம்பம் வரைக்கும் நடை. நடக்கும்போது நீ பேசு, நான் பேச மாட்டேன்."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசு. பாப்பா பத்திப் பேசு."

நான் பாப்பாவைப் பற்றிப் பேசுவேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கம்பம் வந்துவிடும். அப்புறம் ஓட்டம். நாள் போகப் போக ஓட்டத்துக்கு இரண்டு கம்பம், மூன்று கம்பம் என்று கூடியது, நடை ஒரே கம்பம்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கிற கம்பத்தில் வெட்கப்படக் கூடாது என்பது மட்டும்தான் அவளாகக் கண்டுபிடித்த விதி. பைக்கில் போகிறவன் "அவ்ளோதானா?" என்று கத்திவிட்டுப் போவான். சித்தி கையை மட்டும் ஆட்டுவாள், போய் வா என்பது மாதிரி. மூச்சு மிச்சம் பிடிக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பாப்பா வர வேண்டிய ஞாயிறு. முந்தின நாள் ஆற்று மணலில் என் காலில் முள் ஏறியிருந்ததால் நான் போகவில்லை. சித்தி மட்டும் போயிருந்தாள். அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நடுச்சுவர் ஒன்றுதான், அதிலும் சத்தம் இந்தப் பக்கம்தான் அதிகமாகக் கேட்கும். வீட்டுக்கு ஒரே ஒரு பட்டன் போன். அடித்தது. அப்பா தறிக் குழியிலிருந்து எழுந்திருக்காமலே எட்டி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எடுத்தவுடனே முகம் மலர்ந்தது. நாத்தனார். எந்த பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள், சித்தியைக் கேட்கிறாள்.

எனக்குக் கேட்டது அப்பாவின் பக்கம் மட்டும்.

"அவளா? ஓடப் போயிருக்காம்மா."

"..."

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டா."

"..."

"எனக்குத் தெரியாம எப்படிம்மா? நான்தான் கதவத் தொறந்து வுட்டேன்."

"..."

"நல்லதுக்குத்தானம்மா. அவளும் எவ்ளோ நாளுதான் இப்படியே உக்காந்துகினு இருப்பா, சொல்லு? சின்ன வயசு."

போன் கட்டாகிவிட்டது. அப்பா அதைத் துடைத்து மாடத்தில் வைத்தார். "எவ்ளோ அக்கறையா கேக்குது பாரு அந்தப் பொண்ணு. குரலே கம்மிப்போச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். ஓடப் போயிருக்கா என்று அப்பா சொன்னார். ஓடிப் போயிருக்கா என்று அந்தப் பக்கம் விழுந்தது. நடுவில் ஒரே ஒரு சுழி. முதல் வார்த்தை தப்பாக விழுந்துவிட்டால் அப்புறம் வந்ததெல்லாம் அதற்குத்தான் பொருந்தும். அப்பா நாள் முழுக்க யோசித்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

காலை பஸ்ஸில் பாப்பா வரவில்லை. அதற்கடுத்த பஸ்ஸில் சித்தியின் மாமனார் வந்தார், கூட இரண்டு பங்காளிகள். தோளில் துண்டு, முகத்தில் சாவு வீட்டுக்கு வருகிற களை. உள்ளே நுழைந்தால் சித்தி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, பாப்பாவுக்கு அதிரசம் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வாங்க மாமா. பாப்பா எங்க?"

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பங்காளிக்குக் கோபப்படுவதற்காகத் தயார் செய்துவந்த வாய் மூட மறந்துவிட்டது. யார் யார் என்ன பேசினார்கள் என்பது குழம்பித்தான் ஞாபகத்தில் இருக்கிறது. அப்பா எழுந்து நின்று, ஒண்ணாவதுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, விரலால் காற்றில் எழுதிக் காட்டியது மட்டும் அப்படியே இருக்கிறது. "ட, பெரியவரே! டி இல்ல. ட! ஓட... ஓட..." கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள். மாமனார்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கலர் வாங்கி வந்தோம், குடித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, தப்பா விழுந்துச்சி, சரி. பாப்பாவ எப்ப அனுப்புவீங்க?"

மாமனார் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"எனக்கு உம்மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா என் பொண்ணு காலைல தெருவுல நின்னு அழுதுட்டா. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி."

"நடக்காத ஒண்ணு எப்படி மாமா தெரியும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் பதில் வந்தது, நாத்தனாரிடமிருந்து, போனில். "ஓடிப்போவல, சரி. ஓடக் கத்துகினு இருக்காளே. அத நிறுத்தச் சொல்லுங்க, குழந்தைய அனுப்பறேன்."

அந்த நாத்தனாரை நாங்கள் வருஷக்கணக்கில் ராட்சசி என்று சொல்லியிருக்கிறோம். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. குழந்தையில்லாத ஒருத்தி. ஒரு காலைப் பொழுதுக்கு, பாப்பா இனி முழுசாக நமக்குத்தான் என்று அவள் காதில் விழுந்துவிட்டது. அழுதாள்தான். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்குமா? விழுந்ததைத் திருப்பிக் கொடு என்றால் லேசில் கொடுப்பார்களா?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா சொன்னாள், "நிறுத்திடுடி. ஒலகத்துல வேற வேலையே இல்லியா? பாப்பாவப் பாக்கறதவிடவா?"

சித்தி சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்தினா இன்னாக்கா ஆவும்? ஞாயித்துக்கெழமைக்கு அம்மாவா இருப்பேன். அதுவும் ஒண்ணு வுட்டு ஒண்ணு. எனக்கு மத்த நாளும் வேணும்."

அப்பா குனிந்து தட்டைக் காலி செய்தார். வாயைத் திறந்து கெடுத்தவர் அவர்தானே என்கிற குறுகுறுப்பு. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு முடிவு சொன்னார். அந்த முடிவை நான் அன்றைக்கு எவ்வளவு ரசித்தேன் தெரியுமா? கைதட்டினேன்.

"நீ ஓடும்மா. வேலைய வாங்கு. பேச்சுக்குப் பேச்சு நாம போய்ப் பேச வேணாம். காக்கி போட்டுகினு போய் அந்த வாசல்ல நில்லு. அப்ப எவன் வாயத் தொறக்கறான்னு நானும் பாக்கறேன்."

சித்தி நிறுத்தவில்லை. ஓட்டம் மாறிவிட்டது. நடைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நடக்கும்போது பேசு என்று என்னைக் கேட்பதும் நின்றது. தெருவில் இழை முடிகிற அண்ணன் தலை நிமிரவே மாட்டார். பழைய ஜோக்கைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது. பெண்கள் குழாயடியில் சிரித்துக்கொண்டே "இன்னிக்கும் ஓடறியாம்மா?" என்பார்கள், அந்த "ஓடறியா"வில் கொஞ்சம் அழுத்தி. சித்தி வாயாடி அல்லவா, நறுக்கென்று ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருப்பேன். ஒன்றும் வராது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரே ஒரு தடவை, பொறுக்க முடியாமல், என்னையும் கூட்டிக்கொண்டு சேத்துப்பட்டுக்குப் போனாள். கதவு பாதி திறந்தது. "குழந்தை தூங்குது" என்றாள் நாத்தனார். காலை பதினோரு மணி. உள்ளே டிவியில் பொம்மைப் படம் ஓடுகிற சத்தம் கேட்டது. கொடியில் பாப்பாவின் கவுன் காய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் பார்க்காத புது கவுன். சித்தி அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். தோள் அகலத்தை விரலால் அளந்தாள். "வளந்துட்டா" என்றாள். திரும்பி வந்துவிட்டோம்.

வேலூரில் தேர்வு. எங்களை உள்ளே விடவில்லை. அப்பாவும் நானும் காம்பவுண்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். உள்ளே விசில் சத்தம், பிறகு நிறையக் கால்கள் தடதடக்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார், எது சித்தியினுடையது என்று தெரியாததால். அவள் வெளியே வந்தபோது முட்டியில் பேண்ட் கிழிந்து ரத்தம் இருந்தது. "வுழுந்துட்டியா?" என்றார் அப்பா.

"கோட்டத் தாண்டனப்புறம்தான் மாமா வுழுந்தேன்."

அவ்வளவு நாள் கழித்து வந்த முதல் ஜோக் அது.

பிறகு மற்ற தேர்வுகள், பிறகு பயிற்சி. மாதக் கணக்கில் அவளை நாங்களே பார்க்கவில்லை. அந்த மாதங்களில் யாராவது ஒருவர் சேத்துப்பட்டுக்குப் போய் நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பாப்பாவின் கையில் ஒரு போட்டோவாவது கொடுத்திருக்கலாம். அப்பா தடுத்துவிட்டார். "இப்ப போனா கெஞ்சற மாதிரி ஆவும். போறப்ப ஒரேயடியா போவோம்." அம்மாவுக்கும் அது சரியென்று பட்டது. பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தத் தெருவிலுள்ள பெரியவர்களின் கண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஐந்து வயதில் ஒரு ஜோடிக் கண் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்கிற தெம்பு எனக்கு இருக்காது. சித்தி இப்போது வேறு ஊரில் ஏட்டம்மா. பாப்பா சேத்துப்பட்டிலேயே வளர்ந்தாள், வந்தவாசியில் காலேஜ் படித்தாள், இப்போது வேலைக்குப் போகிறாள். பொங்கலுக்குப் பொங்கல் சித்தியிடம் வருவாள். அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பாப்பா அங்கே ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் கேட்டுத்தான் குடிக்கிறாள்.

இனி அந்த நாள்.

வைகாசி வெயில். சித்தி பயிற்சி முடிந்து வந்த மூன்றாம் நாள். அவள் சேலைதான் எடுத்து வைத்திருந்தாள். அப்பா விடவில்லை. "இன்னிக்குப் போடாம அத எப்பம்மா போடப் போற?" என்றார். இஸ்திரி போட்ட காக்கி, தொப்பி, பெல்ட், பளபளக்கிற பூட்ஸ். அப்பா, அம்மா, சித்தி, நான், நாலு பேரும் சேத்துப்பட்டுக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தாள். உள்ளே ஒரு கவுன். தோள் அகலத்தை அன்றைக்கு விரலால் அளந்ததிலிருந்து கொஞ்சம் கூட்டி, குத்துமதிப்பாக வாங்கியது.

அந்தத் தெருவில் நாங்கள் நுழைந்ததும் அப்பா எதிர்பார்த்ததெல்லாம் நடந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் பீடியை மறைத்தார். அப்பா முன்னால் நடந்துகொண்டு, "எல்லாரும் சௌக்கியமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

வாசற்படியில் நாத்தனார் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, முழுங்க மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

ஒரு நொடி பார்த்தாள். அடுத்த நொடி இரண்டு கையையும் தட்டுக்குள் விட்டுச் சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணித்தாள்.

"சாப்டறேன் அத்த, சாப்டறேன்! புடிச்சிக் குடுக்காத! தோ பாரு, முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன்..."

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. நாத்தனாரின் முகம் வெளுத்தது.

"ஐயோ... ஊட்டறப்ப சும்மா சொல்றதுதாங்க. சாப்டலன்னா போலீசு வரும்னு... எல்லாரும் சொல்றதுதானே... நான் வேணும்னு..."

எல்லோரும் சொல்வதுதான். என் அம்மாவும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்தி தொப்பியைக் கழற்றினாள். மண்டியிட்டு, கையை நீட்டினாள். "பாப்பா, அம்மாடா. அம்மாதான்."

வாய் நிறையச் சோறு. பாப்பாவால் அழக்கூட முடியவில்லை. படியிலிருந்து குதித்தாள், ஓடினாள். கவுனைத் தொடைக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடியைப் பார்த்து, ஒரே ஓட்டம்.

"புடிம்மா! புடி!" என்று யாரோ கத்தினார்கள். "ஓடற பொண்ணுதானே நீ!"

சித்தி எழுந்துவிட்டாள். அவளுடைய வலது குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. எத்தனை காலை அந்தக் குதிகாலுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன், எனக்குத் தெரியும். நாலு எட்டில் பிடித்திருப்பாள். பிறகு அந்தக் கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

"வேணாம். தொரத்தினா போலீசு தொரத்துதுன்னுதான் நெனைச்சிக்கும்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க போங்க. நீங்க கூப்ட்டா நிக்கும். வெயில்ல காலு சுடும் அதுக்கு."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை அவள் கையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கையெல்லாம் உதற, மூச்சிரைக்க, ஓடவே தெரியாதவள் ஓடுகிற மாதிரி ஓடினாள். தெருக்கோடியில் பாப்பா அவள் குரலுக்கு நின்றாள். திரும்பி வந்து, அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அம்மா சித்தியின் பக்கத்தில் போய், "அந்தத் தட்ட கீழ வைடி" என்றாள். சித்தி வைக்கவில்லை. தட்டின் ஓரத்தில் இன்னும் இரண்டு உருண்டை மிச்சமிருந்தது, நெய் விட்டுப் பிசைந்து, அந்தச் சின்ன வாய்க்குச் சரியான அளவில் உருட்டி வைத்தது. சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.